மாடசாமி உறங்கவில்லை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே காற்று. மேற்கே மலைப் பக்கம் மேகம், இங்கே பாளையங்கோட்டையில் புழுதி மட்டும். வார்டு ஜன்னல் நாலையும் சாத்தியாயிற்று. போர்வை எண்ணியதில் இரண்டு குறைவு. சலவைக்காரரிடம் கேட்க வேண்டும்.

பத்து மணிக்கு நிர்வாகி சங்கரலிங்கம் சார் கூப்பிட்டார். மேஜையில் ஒரு கடிதம். கோடு போட்ட நோட்டுத் தாள், பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து. அனுப்பியது சீவலப்பேரி பேச்சியம்மாள். போன மாதம் எங்கள் வலி தணிப்பு இல்லத்தில் இறந்த மாடசாமியின் மனைவி. எட்டாம் கட்டில், வாய்ப் புற்று.

"22ஆம் தேதி ஞாயிறு மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு வலி மாத்திரை மூன்று மணி நேரம் தரவில்லை. தலையைச் சுவரில் முட்டினார். ஏன் என்று எஸ்தர் சிஸ்டரிடம் கேட்டேன். இங்க எல்லாருக்கும் வலிதான், நீங்க மட்டும் அதிசயமா என்று எஸ்தர் சிஸ்டர் கேட்டார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்."

என் பெயர் இரண்டு இடத்தில்.

முதலில் வந்தது கோபம். இருபத்தேழு வருஷம் இந்த வேலை. அந்த மனிதரின் வாய்ப்புண்ணை நாள்தோறும் கழுவிக் கட்டியவள் நான். அதை எழுதவில்லை. ஒரு மத்தியானத்தை எழுதியிருக்கிறாள்.

ச.லி. சார் சொன்னார்: "நீங்க கவலப்படாதிய சிஸ்டர். உங்க பேரு வெளிய வராம நான் பாத்துக்கிடுதேன். பைய பேசி முடிச்சிருவோம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதி வைக்கிறேன்: நிம்மதியாகத்தான் இருந்தது.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், என் வீட்டுக்காரர் இவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை, கறிவேப்பிலை.

ஜூலை 8, செவ்வாய்

விடுப்பு. வெயில். தலை குளித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை உள்ளபடி எழுதிவிடுவது நல்லது. மனதுக்குள்ளேயே வைத்திருந்தால் நாளாக நாளாக எனக்குச் சாதகமாக மாறிவிடும்.

வலி மருந்தான மார்ஃபின் இருக்கும் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அந்த நேரத்து நர்ஸிடம், இன்னொன்று வார்டு பொறுப்பாளரான என்னிடம். வெளியே போகும்போது அடுத்தவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் முறை.

அன்று காலை எட்டு மணி மருந்தை நான்தான் கொடுத்தேன். மாத்திரையைப் பொடித்து, கரைத்து, மூக்குக் குழாய் வழியாக. பிறகு வள்ளியூருக்குக் கிளம்பினேன். நாத்தனார் பேரனுக்கு ஞானஸ்நானம், விருந்து. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். சாவி என் கைப்பையில்.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த வேளை. வார்டில் இருந்த நர்ஸ் ராணி அலமாரிக்குப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், ஆறு தடவை. போன் பைக்குள், பை மண்டபத்து அறைக்குள், நான் பந்தியில். ஒன்றரைக்கு மேல்தான் பார்த்தேன். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். வார்டுக்குள் நுழையும்போது மூன்று ஆக ஐந்து நிமிடம்.

வாசலிலேயே அவர் சத்தம் கேட்டது. வாய் திறக்க முடியாதவர். அது தொண்டைக்குள்ளிருந்து வந்த சத்தம். பேச்சியம்மாள் அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் கையை வைத்திருந்தாள். கையில் விரல் முட்டியெல்லாம் சிவந்து கிடந்தது.

மருந்து கொடுத்தேன். அவள் "ஏன்?" என்று கேட்டாள். நான் சொன்னதுதான் கடிதத்தில் இருக்கிறது. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் எழுதாத ஒன்று இருக்கிறது. அவளுக்குத் தெரியாது. மருந்துப் பதிவேட்டில் "தாமதத்திற்குக் காரணம்" என்று ஒரு கட்டம். அதில் நான் எழுதினேன்: நோயாளி உறங்கியதால்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, அவர் போய்விட்டார்.

இனி எழுத ஒன்றுமில்லை. மீன்காரம்மா கூப்பிடுகிறாள்.

ஜூலை 9, புதன்

ச.லி. சார் பதில் தயார் செய்துவிட்டார். தட்டச்சு, இல்லத்தின் முத்திரை. என்னிடம் படிக்கக் கொடுத்தார். "தங்கள் கணவர் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்..." என்று தொடங்கி, நடுவே: "பதிவேட்டின்படி, நோயாளி உறங்கிக்கொண்டிருந்த காரணத்தால் மருந்து தாமதமாக வழங்கப்பட்டது." அடியில் பேச்சியம்மாள் கையெழுத்துக்கு இடம்: "எனக்கு எந்தக் குறையும் இல்லை."

என் பொய்தான். மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றது.

சார்மேல் தப்பில்லை. ஏட்டில் இருந்ததை எடுத்து எழுதியிருக்கிறார்.

"சனிக்கிழமை நேர்ல போவோம். பழம் வாங்கிக்கிடுவோம். நீங்களும் வாங்க, பழகுன முகம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ராணி மருந்து அறையில் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்னய கேட்டா நான் என்ன சொல்ல? அவிய அன்னைக்கி உறங்கவே இல்லயே."

"உள்ளத சொல்லு" என்றேன்.

"உங்களுக்கு ஆபத்தில்லா?"

விரிப்பை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். மூன்றாம் கட்டில் பாட்டிக்குப் படுக்கை மாற்ற வேண்டியிருந்தது.

ஜூலை 10, வியாழன்

சாரல் கொஞ்சம். குடை மறந்தேன்.

அலுவலகத்தில் பழைய புகார்களைக் கேட்டேன். கிளார்க் பையன் முதலில் நன்றிக் கடிதக் கோப்பைத் தூக்கி வந்தான். தடி. பிளாஸ்டிக் உறை. அதில் சிலது சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியிருக்கிறது. "அது இல்லப்பா, குறை சொன்னது" என்றேன். பீரோவின் அடித் தட்டிலிருந்து ஒரு கட்டு வந்தது. சணல் கட்டு. எதிலும் பதில் அனுப்பிய குறிப்பு இல்லை.

சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். சிலவற்றை இங்கே எடுத்து எழுதுகிறேன்:

- கஞ்சி ஆறிப்போய் வருகிறது. அப்பாவுக்குக் குழாயில் இறங்கவில்லை.
- எங்களைக் கேட்காமல் ஜெபம் பண்ணினார்கள். நாங்கள் சிவபக்தர்கள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார், பார்த்தீர்களா?
- நான் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் அம்மா போய்விட்டாள். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.
- பெயர் எழுதவில்லை. எழுதினால் அண்ணனைச் சரியாகக் கவனிக்க மாட்டீர்கள் என்று பயம்.

கடைசியைப் படித்ததும் சோற்று டப்பாவை மூடி வைத்தேன். மூன்றாவதில் வரும் புது விரிப்பைப் போட்டது நானாக இருக்கலாம். நினைவில்லை. அதுதான் மோசம்.

புகார் எழுதுகிறவர்களை நாம் கோபக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். "துக்கத்தில பேசுதாவ, விடுங்க" என்போம். துக்கத்தில் இருப்பவர் சொல்வது பொய்யாகிவிடுமா?

மூன்று மணிக்கு மருந்துப் பதிவேட்டை எடுத்தேன். ஜூன் 22. "நோயாளி உறங்கியதால்" என்பதன் மேல் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது தெரியும்படி. பக்கத்தில்: "பொறுப்பாளர் சாவியை வெளியே எடுத்துச் சென்றதால். முந்தைய காரணம் தவறு. திருத்தியது நான்." கையெழுத்து, இன்றைய தேதி.

மை காயும் வரை ஏட்டைத் திறந்தே வைத்தேன். 

ஜூலை 11, வெள்ளி

இவர்களிடம் சொன்னேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர்கள். கோப்பில் ஒரு கோடு விழுந்தாலே ஊரே விழுந்தது மாதிரி.

"ஓய்வுக்கு இன்னும் ஒண்ணே கால் வருஷம் கிடக்கு. இப்ப ஏன் இந்த வம்பு? அந்தம்மா கையெழுத்து போட்டா முடிஞ்சு போச்சு."

"போட்டா என் பொய்க்கு அவுகளே சாட்சி ஆயிருவாக."

பேசாமல் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்கள். நேற்றைய தாள்.

ஜூலை 12, சனி

இல்லத்து வேனில் சீவலப்பேரி. ச.லி. சார், நான், டிரைவர் பரமசிவம் அண்ணாச்சி. மடியில் கூடை, அதில் ஆப்பிளும் ஆரஞ்சும். வழியெல்லாம் வயலில் கார் நெல் நடவு. வேனில் போகும்போதே பதிவேட்டைத் திருத்தியதைச் சாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். பாலம் வந்தது, கோயில் வந்தது. சொல்லவில்லை. அது என் கோழைத்தனம்.

பேச்சியம்மாள் நடவிலிருந்து வந்தாள். முழங்கால் வரை சேறு. அடிபம்பில் கால் கழுவிவிட்டு, எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றாள். மகள் இசக்கியம்மாள், பன்னிரண்டாம் வகுப்பு. கடிதத்தின் கையெழுத்து அவளுடையது.

ச.லி. சார் நன்றாகத்தான் பேசினார். மாடசாமி பொறுமைசாலி என்றார். கும்பிட்டார். பிறகு தாளை நீட்டினார். பேச்சியம்மாள் அதை மகளிடம் கொடுத்தாள்: "சத்தமா படி."

அந்தப் பிள்ளை படித்தது. "உறங்கிக்கொண்டிருந்த காரணத்தால்" என்ற இடத்தில் நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தது.

பேச்சியம்மாள் கேட்டாள், மெல்ல: "உறங்குனாவளா?"

ச.லி. சார் பழக்கூடையை நகர்த்தி வைத்தார்.

"நான் பக்கத்துல இருந்தேன். என் கை இங்கன இருந்திச்சு, அவிய தலை இங்கன. உறங்குனாவன்னு எழுதியிருக்கியளே. யாரு பாத்தா?"

நான் எழுந்து நின்றேன். "உறங்கலம்மா. மருந்து அலமாரி சாவி என் பையில கிடந்திச்சு. நான் வள்ளியூர்ல விருந்துல இருந்தேன். உறங்குனார்னு ஏட்டுல எழுதுனது நான்தான். அது பொய்."

ச.லி. சார் "சிஸ்டர்" என்றார். ஒரே சொல்.

பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்றும். இரண்டும் இல்லை.

"அப்பம் ஏன் என்னய பாத்து அப்படிக் கேட்டிய? அதிசயமான்னு?"

"எனக்கு என் மேலதான் ஆத்திரம். அத உங்க மேல எறிஞ்சுட்டேன்."

"நான் என்னமோ, சத்தம் போட்டு மத்தவிய உறக்கத்தயும் கெடுத்துட்டோமோன்னு நெனச்சேன். அவிய சாவுற வரைக்கும் அத நெனச்சுக்கிட்டு, சத்தம் போடாதிய சத்தம் போடாதியன்னு அவிய வாயப் பொத்துனேன். புண்ணு வாய."



கூடையைத் தூக்கி வேனுக்குள் அவளே வைத்தாள். "பழம் வேண்டாம். கையெழுத்தும் போட மாட்டேன். இப்ப வாயால சொன்னிய பாத்தியளா, அத எழுதிக் கொண்டாங்க."

திரும்பும் வழியில் பாலம் தாண்டிய பிறகுதான் சார் வாயைத் திறந்தார். "இருவது வருஷம் கட்டி வளத்த இடம் சிஸ்டர். உதவி செய்யுதவங்க அடுத்த மாசம் வாராவ. ஒரே நாள்ல உல வச்சிட்டிய."

"உல வச்சது அந்த வாசகம் சார். நான் ஏட்டுல திருத்திட்டேன். வியாழக்கிழமையே."

பரமசிவம் அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மதியம் சாம்பார், அப்பளம்.

ஜூலை 14, திங்கள்

மெமோ. எதிர்பார்த்ததுதான். "நிர்வாகத்தின் அனுமதியின்றி வெளியாரிடம் தகவல் தெரிவித்தது ஏன் என மூன்று நாளில் விளக்கம் தருக." சாவியைக் கொண்டுபோனதற்கு மெமோ இல்லை. பொய் எழுதியதற்கும் இல்லை. உண்மை சொன்னதற்குத்தான்.

வெளியார். மாடசாமியின் பெண்டாட்டி வெளியாராம்.

வீட்டுக்கு வந்து பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் போய்விட்டது. இவர்கள் பின்னால் வந்து நின்று படித்தார்கள். கண்ணாடியைத் துடைத்தார்கள்.

"மெமோவுக்கு இப்படி வளவளன்னு எழுதுனா, வேண்டாதத மட்டும் பிடிச்சுக்கிடுவான். தள்ளு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "தேதி, நேரம், செஞ்சது, செய்யாதது. அவ்வளவுதான். உரிச்சொல்லே வரக் கூடாது."

ஆறு மணிக்குள் ஒரே பக்கம் ஆயிற்று. அதன் அடியில் நான் சேர்க்கச் சொன்னது:

1. அலமாரிச் சாவி இரண்டும் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. நானே ஆனாலும்.
2. புகார் வந்தால் பதினைந்து நாளில் எழுத்தில் பதில். நடந்தது என்ன, தவறு யாருடையது, இனி என்ன செய்வோம். குறையில்லை என்று யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது.
3. யார் மேல் புகாரோ அவர் எழுதிய குறிப்பை மட்டும் வைத்துப் பதில் எழுதக் கூடாது. பக்கத்தில் இருந்தவரைக் கேட்க வேண்டும்.
4. பீரோவில் இருக்கும் கட்டு. எல்லாவற்றுக்கும் பதில்.

"நாலாவது ரொம்பத்தான்" என்றார்கள். ஆனால் கோடு போட்டு அடிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

விளக்கம் கொடுத்தேன். நகலில் வரவு முத்திரை வாங்கிக்கொண்டேன். இவர்கள் சொல்லி அனுப்பியது.

வியாழன் நிர்வாகக் குழு கூடுகிறதாம். இசக்கியம்மாளுக்குப் போன் செய்து, அம்மாவை வரச் சொன்னேன். "நடவு இருக்கு, கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

வார்டில் சிலர் என்னோடு பேசுவதில்லை. டீ நேரத்தில் காதில் விழுந்தது: "இனிமே ஒவ்வொருத்தரும் பேப்பரத் தூக்கிட்டு வருவாவ. நாம வேல பாக்கவா, பதில் எழுதவா?" திரும்பிச் சொன்னேன்: "ரெண்டும்."

ஜூலை 17, வியாழன்

குழுவில் ஐந்து பேர். ச.லி. சார், இல்லத்து டாக்டரம்மா, மற்றவர்கள் மூவர். பதினொரு மணிக்குத் தொடங்கியது. பத்தரைக்கே பேச்சியம்மாள் டவுன் பஸ்ஸில் வந்து வராந்தாவில், சட்டம் போட்ட நன்றிக் கடிதங்களுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள விட முடியாது, இது எங்களுக்குள்ள நடக்குத கூட்டம்" என்றார் ஒரு உறுப்பினர்.

நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல்படிக்கு உள்ளே போட்டேன். "அவுக உக்காரட்டும். நான் நிக்கேன்." டாக்டரம்மா சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. "உக்காருங்கம்மா" என்றார்.

பேச்சியம்மாள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினாள். "நான் யாரு வேலைக்கும் உல வைக்க வரல. இந்த சிஸ்டர் புண்ணு கழுவுனத நான் மறக்கல. ஆனா அன்னைக்கி மூணு மணிநேரம் அவிய பட்டத இல்லன்னு சொன்னிய பாத்தியளா, அது அவியள ரெண்டாந்தடவ கொல்லுதது. வலிச்சிச்சுன்னு எழுதுங்க. அது போதும்."



டாக்டரம்மா ராணியைக் கூப்பிட்டு விசாரித்தார். ராணி உள்ளதைச் சொன்னாள்.  பிறகு ச.லி. சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பதில நான் ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டேன். அது என் தப்பு" என்றார். அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி போயிற்று. மீதி இருக்கிறது.

முடிவு:
சாவி: உடனே.
எழுத்தில் பதில்: சரி. பக்கத்தில் இருந்தவரைக் கேட்பதும் சரி.
பழைய கட்டு: "பரிசீலிக்கலாம்."
நான்: வார்டுப் பொறுப்பிலிருந்து நீக்கம். திங்கள் முதல் நோயாளிகளின் வீடு வீடாகப் போகும் பராமரிப்பு வேனில்.

நான் செய்ததற்குத் தண்டனை நியாயம். சாவிக்கும் பொய்க்கும் என்றால் தலை குனிந்து வாங்கிக்கொள்வேன். ஆணையில் "அனுமதியின்றித் தகவல் தெரிவித்ததற்காக" என்று இருந்தது. காரணத்தை மாற்றி எழுதினால்தான் வாங்குவேன் என்று திருப்பிக் கொடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. மாற்றித் தந்தார்கள்.

பேச்சியம்மாளுக்கான பதில் அங்கேயே எழுதப்பட்டது. "ஜூன் 22 அன்று மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை மாடசாமி அவர்கள் கடும் வலியில் இருந்தார். உறங்கவில்லை. மருந்து கொடுக்கப்படாதது எங்கள் தவறு." ச.லி. சார் கையெழுத்து. கீழே என்னுடையது.

அவள் மகளுக்காகக் காத்திருக்கவில்லை. எழுத்துக்கூட்டி அவளே படித்தாள். மடித்து, கொண்டுவந்திருந்த மஞ்சப் பையில் வைத்தாள்.

கேட் வரை கூடப் போனேன். "என்னய மன்னிச்சிருங்க" என்றேன்.

"அதெல்லாம் இப்ப வராது சிஸ்டர்" என்றாள். "வந்தா சொல்லுதேன்."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

வார்டை ராணியிடம் ஒப்படைத்தேன். போர்வை இரண்டும் கிடைத்துவிட்டது.

பழைய கட்டை வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். பரிசீலிக்கிறவர்கள் பரிசீலிக்கட்டும். விரிப்பைப் பற்றி எழுதிய மகனுக்கு நானே பதில் எழுதுவேன்.

இவர்களுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. என்னால்தானாம். பனங்கற்கண்டைத் திருட்டுத்தனமாகத் தின்றது யாரால்?

ஜூலை 21, திங்கள்

வேனில் முதல் நாள். நல்ல காற்று. சேரன்மகாதேவி, பத்தமடை, நாலு வீடு.

பத்தமடையில் மூன்றாவது வீடு. படுத்திருப்பவர் பாய்க்கடை வைத்திருந்தவர், வயிற்றில் புற்று. வடிகுழாய் மாற்றி, முதுகுப்புண் கட்டினேன். அவர் பெண்டாட்டி செய்யதம்மாள் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்கிட மாட்டியளே. போன வாரம் வந்த சிஸ்டர் இவுகள துணி போத்தாமயே வச்சுக் கட்டுனாவ. வாசல்ல ஆள் நின்னுச்சு. இவுக அதுலருந்து யாரு வந்தாலும் கண்ண மூடிக்கிடுதாக. பொறவு வாராம விட்டுருவியளோன்னுதான் சொல்லல."

"வருவோம். அது எங்க வேல" என்றேன். பையிலிருந்து தாள் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். படித்துக் காட்டினேன். "வாசல்ல ஆள் நின்னுச்சு" என்பதை விட்டிருந்தேன். அதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். கட்டிலில் இருந்தவரிடமும் கேட்டேன், சரிதானா என்று. கண்ணைத் திறந்து தலையசைத்தார். அவள் கையெழுத்து போட்டாள். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் நான்.

வேனில் ஏறியதும் பரமசிவம் அண்ணாச்சி சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். "இப்பதான சிஸ்டர் மாத்தி விட்டாவ. மொத நாளே இன்னொண்ணா?"

"வண்டிய எடுங்க அண்ணாச்சி" என்றேன். "ஆபீஸ் அஞ்சு மணிக்குப் பூட்டிருவாங்க."